வாசகர் கேள்வி பதில்: சென்னையில் இருக்கும் நம் உறவுப் பிள்ளைகளின் படிப்பு

போன இதழில் சென்னை வியாசர்பாடியில் ஒரு பிள்ளை பாதியில் படிப்பை விட்டு நின்றதைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு யாங்கோன், பெகு, சிரியம், மோல்மேன் என்று எல்லாப் பக்கமிருந்தும் கடிதமும் வைபர் செய்தியும் வந்துகொண்டே இருக்கின்றன. ஆச்சரியமில்லை. 1962-ல் ராணுவ ஆட்சி வந்து, 1964 வாக்கில் கடைகண்ணிகளெல்லாம் அரசுடைமையாகி, அண்ணன் கப்பலேற தம்பி இங்கேயே நின்ற கதை இல்லாத பர்மாத் தமிழ் வீடு குறைவு. போனவர்களில் பலர் தலையெடுத்துவிட்டார்கள். சிலருடைய பேரப்பிள்ளைகள் இன்னும் கூவம் கரையிலும் வடசென்னையின் குடிசைப் பகுதிகளிலும்தான் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் நீங்கள் கேட்கிறீர்கள். அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் மாமா குடும்பம் சென்னையில் கூவம் ஓரத்தில் குடியிருந்தது. வீட்டை இடித்து பெரும்பாக்கத்தில் மாடி வீடு கொடுத்திருக்கிறார்கள். பேரன் ஏழாம் வகுப்பு. பாதி வருஷத்தில் இடம் மாறியதால் பழைய பள்ளியில் டிசி (மாற்றுச் சான்றிதழ்) வாங்கவில்லை. புதுப் பள்ளியில் டிசி கொண்டு வா, இடமும் இல்லை என்கிறார்களாம். இரண்டு மாதமாகப் பையன் வீட்டில் இருக்கிறான். என்ன செய்வது அம்மா? — வாசகர், தாமுவே, யாங்கோன்

பதில்: முதல் வேலை பையன் வகுப்பில் போய் உட்காருவது. காகிதம் பின்னால் வரட்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்குவதால்தான் பல பிள்ளைகள் வீட்டோடு நின்றுவிடுகிறார்கள்.

இந்தியாவில் கல்வி உரிமைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. 2009-ல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. 6 வயதிலிருந்து 14 வயது வரை எந்தப் பிள்ளைக்கும் இலவசப் படிப்பு கொடுத்தே ஆக வேண்டும். டிசி வர தாமதமாகிறது என்பதைக் காரணம் காட்டிச் சேர்க்காமல் இருக்கக் கூடாது என்று அதன் 5-ஆம் பிரிவு சொல்கிறது. வருஷத்தின் நடுவில் வந்தாலும் சேர்க்க வேண்டும் என்பது 15-ஆம் பிரிவு. சுற்றுவட்டாரத்தில் இருக்கிற பிள்ளைக்கு இடம் ஏற்பாடு செய்வது அரசின் பொறுப்பு. அதனால் "இடம் இல்லை" என்று வாயால் சொன்னதைக் கேட்டுக்கொண்டு திரும்பி வர வேண்டியதில்லை.

மாமாவிடமோ மருமகளிடமோ இப்படிச் சொல்லுங்கள். ஒரு வெள்ளைத்தாளில் தலைமை ஆசிரியருக்குச் சேர்க்கை கேட்டு நாலு வரி எழுதி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்தும் தேதியும் வாங்க வேண்டும். அந்தக் கையெழுத்தைக் கேட்டாலே பாதி இடங்களில் பேச்சின் தொனி மாறும். மாறாவிட்டால் 14417, அது தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண். அடுத்து வட்டாரக் கல்வி அலுவலர். இன்னொன்று, தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாணவருக்கும் எமிஸ் என்று கணினியில் ஒரு எண் உண்டு. பழைய பள்ளிக்காரர் அதில் பையனின் பெயரை விடுவித்தால் புதுப் பள்ளிக்காரர் எடுத்துக்கொள்ளலாம். சின்ன வேலைதான், யாராவது உட்கார்ந்து செய்ய வேண்டும். பழைய பள்ளிக்கு ஒரு ஆள் நேரில் போவது நல்லது.

சரி, சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் ஏன் பிள்ளைகள் நின்றுபோகிறார்கள்? இப்படி இடம் மாற்றப்பட்டவர்களுக்காகக் கட்டிய பெரும்பாக்கத்தையோ கண்ணகி நகரையோ செம்மஞ்சேரியையோ போய்ப் பார்த்தால் புரியும். பெரும்பாக்கத்தில் எட்டு அடுக்குக் கட்டடங்கள் வரிசை வரிசையாக நிற்கும். லிஃப்ட் ஓடாத நாளில் தண்ணீர்க் குடத்தோடு படியேற வேண்டும். அம்மா வீட்டு வேலை செய்வது மயிலாப்பூரிலோ நுங்கம்பாக்கத்திலோ. இங்கிருந்து இருபது இருபத்தைந்து கிலோமீட்டர். விடிவதற்கு முன்னே அவள் பஸ் ஏறிவிட்டால் பிள்ளையை எழுப்பி, தலை வாரி அனுப்ப வீட்டில் யார் இருக்கிறார்கள்? பழைய பள்ளியை விட மனசில்லாத குடும்பங்கள் பிள்ளையையும் அதே பஸ்ஸில் ஏற்றிவிடுகின்றன. பஸ் பாஸ் இலவசம்தான், ஆனால் பத்து வயதுப் பிள்ளை தினம் மூன்று நாலு மணி நேரம் பஸ்ஸில் நின்றால் எத்தனை நாள் தாங்கும்? ஒரு வாரம் காய்ச்சல், அடுத்த வாரம் பயம், அதற்கப்புறம் வெட்கம். இடையில் நின்ற பிள்ளைகள் பலரிடம் நான் கேட்டிருக்கிறேன், "எப்போ நின்னே?" என்று. யாருக்கும் தேதி தெரியாது. ஒரே நாளில் யாரும் நிற்பதில்லை.

வீடு கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. மழைக்காலத்தில் கூவம் ஏறி வந்து வீட்டுக்குள் நிற்பதைப் பார்த்தவர்களுக்குக் கான்கிரீட் கூரையின் அருமை தெரியும். ஆனால் எப்போது இடிப்பது என்று தீர்மானிக்கிறவர்கள் பள்ளி நாட்காட்டியை ஒரு தடவை புரட்டிப் பார்க்கக் கூடாதா? 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகள் நடந்துகொண்டிருந்தன. அந்த நேரத்தில் பாத்திரம் பண்டத்தோடு தெருவில் நிற்கிற வீட்டில் ஒரு பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கும்? இதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆறவில்லை.

உங்கள் பேரன் ஏழாவதுதான், அதனால் தயங்காமல் பெரும்பாக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள். பத்தாவதோ பன்னிரண்டாவதோ என்றால், அந்த வருஷம் மட்டும் பழைய பள்ளியின் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் தங்க வைப்பதுதான் மேல். புதுப் பள்ளியில் முதல் சில வாரம் கஷ்டம். வெவ்வேறு பேட்டைகளிலிருந்து வந்த பையன்கள், குழு குழுவாகப் பிரிந்து சண்டை. "கண்ணகி நகர்ப் பையனா?" என்று வெளியில் ஒரு மாதிரிப் பார்க்கிற பார்வை வேறு. அந்த முதல் மாதம் தாத்தா தினமும் பள்ளி வாசல் வரைக்கும் கூடப் போகட்டும். அது டிசியை விட முக்கியம்.

கேள்வி: வியாசர்பாடியில் இருக்கும் என் அக்கா பேத்திக்கு 12 வயது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் பள்ளிக்குப் போவதில்லை. கேட்டால் வீட்டில் வேலை என்கிறாள். பெற்றோருக்கே படிக்க வைக்க மனசில்லையோ என்று எனக்குத் தோன்றுகிறது. நாம் பணம் அனுப்பி என்ன பிரயோசனம்? — வாசகி, பெகு

பதில்: அப்படி நினைக்காதீர்கள் தங்கச்சி. வடசென்னையில் மாலை வகுப்பு எடுத்த காலத்தில் எத்தனையோ வீடுகளுக்குப் போயிருக்கிறேன். பிள்ளை படிக்க வேண்டாம் என்று சொன்ன தாயை நான் பார்த்ததேயில்லை. படிப்பு வேண்டும் என்ற ஆசைக்கும் காலை எட்டரை மணிக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதுதான் விஷயம்.

நான் பார்த்த ஒரு தெருவைச் சொல்கிறேன். தண்ணி லாரி எத்தனை மணிக்கு வரும் என்று நிச்சயமில்லை. சிவப்பு, பச்சை, நீலம் என்று பிளாஸ்டிக் குடங்கள் விடியற்காலையிலிருந்தே வரிசையில் நிற்கும், ஒவ்வொன்றின் கழுத்திலும் அடையாளத்துக்கு ஒரு துணிக்கிழிசல். குடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண் பிள்ளை, யூனிஃபார்ம் போட்டு, ஒரு பக்கம் ஜடை பின்னி மறுபக்கம் பின்னாமல், இடுப்பில் தம்பியோடு நிற்பாள். லாரி எட்டு மணிக்கு வந்தால் அன்றைக்குப் பள்ளிக்கூடம் உண்டு. ஒன்பதரைக்கு வந்தால் இல்லை. அந்த வீட்டில் அம்மா ஐந்தரைக்கே வேலைக்குக் கிளம்பியாயிற்று, அப்பா மூட்டை தூக்கவோ பெயிண்ட் அடிக்கவோ போயாயிற்று. மிச்சமிருக்கிற பெரிய ஆள் அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண்தான். ஆண் பிள்ளையாக இருந்தால் குடத்தைப் போட்டுவிட்டுக் கிளம்பியிருப்பான், யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள். பெண்ணுக்கு அப்படி இல்லை.

அதனால் உங்கள் அக்காவிடம் ஏன் அனுப்பவில்லை என்று கேட்காமல், எந்தெந்தக் கிழமை போகவில்லை, அன்று காலை வீட்டில் என்ன நடந்தது என்று கேளுங்கள். பதில் மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். தம்பியைப் பார்த்துக்கொள்வது என்றால், அவனை அங்கன்வாடியில் விடலாம். பக்கத்திலேயே இருக்கும், செலவில்லை, மத்தியானச் சாப்பாடும் உண்டு. தண்ணீர் என்றால், பக்கத்து வீட்டில் வயதான ஒருவரோடு பேசி மாதம் ஒரு சின்னத் தொகை கொடுத்து குடம் வைக்கச் சொல்லலாம். நீங்கள் அனுப்பும் பணத்தில் இதைவிட நல்ல செலவு இருக்காது.

மூன்றாவது, வயது. 12 என்கிறீர்கள், பெரியவளாகியிருந்தால் மாதத்தில் சில நாள் பள்ளிக் கழிப்பறையை நினைத்தே போகாமல் இருப்பாள். தண்ணீர் வராத, தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறை இருக்கிற பள்ளிகள் உண்டு. இதைப் பெண் பிள்ளை யாரிடமும் சொல்லாது, வயிற்றுவலி என்றுதான் சொல்லும். நீங்களே போனில் தனியாகப் பேசுங்கள். ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும், அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். கழிப்பறை விஷயத்தை அங்கே அம்மாக்கள் நாலு பேர் சேர்ந்து பேசினால் எடுபடும். ஒரே ஒருத்தி தனியாகக் கேட்டால் "உனக்கு மட்டும் என்னம்மா" என்பார்கள்.

சாப்பாட்டையும் கேட்டு வையுங்கள். 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் அரசு தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் வந்தது, நல்ல திட்டம், ஆனால் அது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். உங்கள் பேத்திக்கு மத்தியானம் சத்துணவு உண்டு, காலையில் இல்லை. தண்ணி தூக்கிவிட்டு வெறும் வயிற்றில் போகிற பெண் முதல் பீரியடிலேயே மயங்கிச் சாய்ந்தால் அடுத்த நாள் போக யோசிக்கும்.

கேள்வி: என் தம்பி மகனுக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை, வீட்டில் பிறந்தவன். ஆதாரும் இல்லை. சாதிச் சான்றிதழும் கேட்கிறார்களாம், பர்மாவிலிருந்து போன குடும்பம் என்பதால் தாலுகா ஆபீசில் அலைய விடுகிறார்கள். 7 வயதாகிறது, இன்னும் எங்கும் சேர்க்கவில்லை. — வாசகர், மோல்மேன்

பதில்: மூன்று காகிதத்தையும் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள், மூன்றும் ஒன்றாகச் சேர்ந்துதான் உங்களைப் பயமுறுத்துகின்றன.

வயதுச் சான்று இல்லை என்று சேர்க்காமல் இருக்கக் கூடாது, கல்வி உரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு. அங்கன்வாடிப் பதிவேடு, செவிலியர் பதிவேடு, ஒன்றும் இல்லையென்றால் பெற்றோர் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழியே போதும். ஆதார் இல்லாததால் பள்ளிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. சாதிச் சான்றிதழ் உதவித்தொகைக்கும் பின்னால் மேற்படிப்புக்கும் வேண்டும், வகுப்பில் உட்கார அது தேவையில்லை. 7 வயது என்றால் வயதுக்கேற்ற வகுப்பில், அதாவது இரண்டாம் வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதைத் தனிப் பயிற்சியில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதும் சட்டம்தான்.

ஆனால் காகிதத்தை அப்படியே விட்டுவிடவும் கூடாது. பிறப்பைப் பதிய ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் உத்தரவு வாங்க வேண்டியிருக்கும், அதை இப்போதே தொடங்கச் சொல்லுங்கள். சாதிச் சான்றிதழுக்குத் தகப்பனுடையதோ அவர் கூடப்பிறந்தவர்களுடையதோ ஒன்று கிடைத்தால் வழி சுலபம். இங்கே உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியையும் ஒரு தடவை கிளறிப் பாருங்கள். தாத்தாவின் எஃப்.ஆர்.சி. (பர்மாவில் வெளிநாட்டவருக்குக் கொடுத்த பதிவுச் சான்று), கப்பல் ஏறும்போது எடுத்த குடும்பப் போட்டோ, இந்தியத் தூதரகத்தில் வாங்கிய ஏதாவது தாள் இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். அதுவே முடிவு செய்துவிடாது, ஆனால் தாசில்தார் முன்னால் சொல்கிற குடும்பக் கதைக்கு ஆதாரமாக நிற்கும்.

கேள்வி: நான் மாதா மாதம் பணம் அனுப்பி அண்ணன் பேத்தியை ஆறாம் வகுப்பில் இங்கிலீஷ் மீடியம் தனியார் பள்ளியில் சேர்க்க நினைக்கிறேன். சரியா? — வாசகர், சிரியம்

பதில்: உங்கள் மனசு பெரிது. ஆனால் ஆறாம் வகுப்பில் அரசுப் பள்ளியை விட்டு மாற்றுவதற்கு முன் யோசியுங்கள். தமிழ்நாட்டில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு 2020-ல் வந்தது, அடுத்த வருஷம் பொறியியல் போன்ற படிப்புகளுக்கும் நீட்டினார்கள். அதே மாதிரி படித்த பெண்கள் கல்லூரிக்குப் போனால் மாதம் 1000 ரூபாய் கொடுக்கும் புதுமைப்பெண் திட்டமும் இருக்கிறது. ஆறாவதில் வெளியே எடுத்தால் இதையெல்லாம் சேர்த்து விட்டுக்கொடுக்கிறோம்.

அப்புறம், தனியார் பள்ளியில் கட்டணம் மட்டும் செலவில்லை. புத்தகம், ஷூ, வேன், ஆண்டு விழா என்று வந்துகொண்டே இருக்கும். நம் பர்மா நாணயமான கியாட் இருக்கிற நிலையில் ஒரு வருஷம் அனுப்ப முடியாமல் போனால் என்ன ஆகும்? பாக்கிக்காக டிசியைப் பிடித்து வைத்துக்கொள்கிற பள்ளிகள் இருக்கின்றன. அது தப்பு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் கண்டித்துச் சொன்ன பிறகும் ஏழைக் குடும்பம் எங்கே போய் வழக்காடும்? முதல் கேள்வியில் வந்த பையன் மாதிரி இந்தப் பிள்ளையும் வீட்டில் உட்காரும்.

வீட்டில் இன்னும் சின்னப் பிள்ளை இருந்தால் அது வேறு கணக்கு. சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவினருக்கு இலவசமாகத் தர வேண்டும். தமிழ்நாட்டில் வருமான வரம்பு வருஷத்துக்கு 2 லட்சம் ரூபாய், விண்ணப்பம் இணையத்தில், வழக்கமாக ஏப்ரல் மே மாதங்களில். 2025-ல் மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் நடுவில் நிதிப் பிரச்சினையாகி அக்டோபர் வரை தள்ளிப்போயிற்று, அதனால் தேதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். பேத்திக்கு அனுப்ப நினைத்த பணத்தை இங்கிலீஷுக்கும் கணக்குக்கும் நல்ல டியூஷனாக மாற்றுங்கள்.

கேள்வி: என் மச்சான் மகன் ஒன்பதாவதில் நின்று டூவீலர் மெக்கானிக் கடையில் இருக்கிறான். 15 வயது. இனி படிப்பு அவ்வளவுதானா? — வாசகர், கமாயுட், யாங்கோன்

பதில்: இல்லை. 14 வயதோடு கட்டாயக் கல்விச் சட்டம் முடிந்துவிடுகிறது, எட்டாவது வரை பிடித்துவைக்கிற கை ஒன்பதாவதில் விட்டுவிடுகிறது, அதனால்தான் இந்த வயதில் பையன்கள் நழுவுகிறார்கள். அரசுப் பள்ளியில் ஒன்பதாவதில் திரும்பச் சேரலாம். தன்னைவிடச் சின்னப் பையன்களோடு உட்கார வெட்கம் என்றால் தனித்தேர்வராகப் பத்தாவது எழுதலாம். அவனுக்குக் கை வேலையில் ருசி இருந்தால் அரசு ஐடிஐ, அதாவது தொழிற்பயிற்சி நிலையம், நல்ல வழி, கட்டணமில்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. பத்தாவது முடித்துப் போனால் நல்ல பிரிவாகக் கிடைக்கும். கடைக்காரர் நல்லவர் என்றால் சாயந்திரம் ஆறு மணிக்கு விடச் சொல்லிப் பேசுங்கள். நீங்கள் பேசினால் மரியாதை இருக்கும், வெளிநாட்டு மாமா அல்லவா. ஆனால் வேலை ஆபத்தானதாக இருந்தாலோ, அடித்து வேலை வாங்கினாலோ தயங்க வேண்டாம், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் கோயில் சபையில் பணம் திரட்டி அங்கே நூறு பிள்ளைகளுக்கு ஸ்கூல் பேக் அனுப்பலாம் என்கிறோம். — இளைஞர்கள், கம்பை, யாங்கோன்

பதில்: பேக், புத்தகம், செருப்பு, யூனிஃபார்ம் எல்லாம் தமிழ்நாடு அரசே அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுக்கிறது தம்பிகளா. இல்லாதது, சாயந்திரம் ஆறிலிருந்து எட்டு வரை உட்கார்ந்து படிக்க ஒரு இடம். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர், ஒரு டிவி, பக்கத்து வீட்டுச் சண்டை, இதற்குள் பிள்ளை எங்கே வீட்டுப்பாடம் எழுதும்? அந்தப் பேட்டையிலேயே கல்லூரி முடித்த ஒரு பெண் நிச்சயம் இருப்பாள். அவளுக்கு மாதச் சம்பளமும், ஒரு அறைக்கு வாடகையும், விளக்கும் மின்விசிறியும் நீங்கள் மூன்று வருஷத்துக்கு ஏற்றுக்கொண்டால் அது பெரிய உதவி. ஒரு வருஷம் செய்து நிறுத்துவதாக இருந்தால் தொடங்கவே வேண்டாம்.

பணம் அனுப்புவதில் ஒரு கவனம். இந்தியாவில் ஒரு சங்கமோ அறக்கட்டளையோ வெளிநாட்டுப் பணம் வாங்க எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவு இருக்க வேண்டும். இல்லாமல் வாங்கினால் மாட்டிக்கொள்வது அவர்கள்தான். சொந்தக்காரர் சொந்தக்காரருக்கு அனுப்புவதற்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, 2022-லிருந்து வருஷத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அரசுக்குத் தகவல் கூடத் தர வேண்டியதில்லை. ஆனால் சபைப் பணத்தை ஒரு சொந்தக்காரர் பெயரில் அனுப்பிச் சமாளிக்கலாம் என்று யோசிக்காதீர்கள். பதிவு இருக்கிற அமைப்பாகப் பார்த்து, பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி அனுப்புங்கள்.

அடுத்த இதழுக்கு எழுதுகிறவர்கள் பிள்ளையின் வயது, கடைசியாகப் படித்த வகுப்பு, இப்போது இருக்கிற பகுதி மூன்றையும் குறிப்பிடுங்கள். பெயர் வேண்டாம்.